பன்றிக்குட்டி ரத்தத்தில் பிளேட்லெட்: எண்ணிக்கையும் வேலையும்

மழைக்காலம் வந்துவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பிளேட்லெட் என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கும். டெங்குக் காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பதே "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்றுதான். ஐம்பதாயிரம் என்றால் முகம் வாடும், ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்றால் வீட்டார் மூச்சு விடுவார்கள். இப்படி ஒரு எண்ணாகவே அது நம் மனதில் பதிந்துவிட்டது. அது உடம்புக்குள் என்னதான் செய்கிறது, எண்ணிக்கை சரியாக இருந்தும் அந்த வேலை கெட்டுப்போக முடியுமா என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதை வளரும் பன்றிக்குட்டியை வைத்துச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

ஏன் பன்றிக்குட்டி என்றால், வெண்பன்றி வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், குட்டி ரத்தம் கசிந்து சாகும்போது என்ன நடந்தது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். அதோடு, மனித ரத்தம் எப்படி உறைகிறது என்பதில் மருத்துவம் கற்றுக்கொண்ட சில பெரிய பாடங்கள் பன்றியிடமிருந்து வந்தவை. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊரில் இந்த விஷயத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பேச வேண்டியதில்லை.

முதலில், அது என்ன பொருள் என்று பார்ப்போம். தமிழில் ரத்தத் தட்டு, தட்டணு என்றெல்லாம் சொல்கிறோம். சரியாகச் சொன்னால் அது முழு அணுவே கிடையாது. எலும்பு மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்ற மிகப் பெரிய அணுக்கள் இருக்கின்றன, அவை தங்கள் உடலிலிருந்து துண்டு துண்டாக உதிர்த்து ரத்தத்தில் விடுபவைதான் தட்டணுக்கள். உட்கரு கிடையாது. குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரான்தான், சிவப்பணுவில் பாதிகூட இருக்காது. மாடு, ஆடு, பன்றி, மனிதர் என்று பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். கோழிக்கு வேறு, அதன் ரத்தத்தில் இதே வேலையை உட்கருவுள்ள முழு அணு ஒன்று செய்கிறது. இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ 1882இல் இந்தத் துண்டுகளைத் தனியாக அடையாளம் கண்டு, ரத்தம் கட்டுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று எழுதினார். இவை மஜ்ஜையின் பெரிய அணுக்களிலிருந்து வருகின்றன என்பதை 1906இல் ஜேம்ஸ் ஹோமர் ரைட் காட்டினார்.

ஆரோக்கியமான பன்றியின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும், சின்னக் குட்டிகளில் அதற்கு மேலும் போகும். மனிதருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம். ஆக டெங்கு வார்டில் கேட்டுப் பழகிய எண்ணை வைத்துக்கொண்டு பன்றியின் ரிப்போர்ட்டைப் படிக்கக் கூடாது. மனிதருக்கு நல்ல எண்ணாகத் தெரிகிற ஒன்றரை லட்சம், குட்டிக்கு யோசிக்க வேண்டிய எண்.

இனி வேலைக்கு வருவோம். குட்டி பிறந்த ஓரிரு நாளில் அடையாளத்துக்காகக் காது ஓரத்தில் சின்ன வெட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய நொடியில் ஓரம் வெள்ளையாகத் தெரியும், அப்புறம் ஒரு சிவப்பு முத்து எழும்பும், அது உருண்டு விழும், இன்னொன்று எழும்பும். குட்டி கத்திக்கொண்டே தலையை உதறும். கொஞ்ச நேரத்தில் முத்து எழும்புகிற வேகம் குறைந்து, வெட்டின் உள்பக்கம் கருஞ்சிவப்பாக ஜவ்வு மாதிரி ஒன்று படிந்து, கசிவு நின்றுவிடும். நாம் எதுவும் செய்யவில்லை. அந்தச் சில நிமிடத்துக்குள் நடந்தவை ஏராளம்.

ரத்தக் குழாயின் உட்சுவர் வழவழப்பானது, முழுதாக இருக்கும்வரை தட்டணு அதில் ஒட்டாது. வெட்டு விழுந்ததும் சுவருக்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிகிறது. ரத்தத்தில் மிதக்கும் வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரதம் போய் அந்த நாரில் ஒட்டிக்கொண்டு, ஓடுகிற ரத்தத்தின் இழுப்பில் விரிந்து நீள்கிறது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தட்டணு அந்த நீண்ட புரதத்தில் மாட்டி வேகம் குறைந்து, உருண்டு, நின்றுவிடுகிறது. நின்றதும் அதன் உருவமே மாறும். தட்டையாக இருந்தது உருண்டையாகி, கை கால் முளைத்தது போல முட்களை நீட்டும். உள்ளே இரண்டு வகைப் பொதிகள் இருக்கின்றன, அவற்றைத் திறந்துவிடும். ஒன்றிலிருந்து ஏடிபி (ADP) என்ற தூண்டு பொருள், செரட்டோனின், கால்சியம் வருகின்றன. இன்னொன்றிலிருந்து ஃபைப்ரினோஜன் என்ற புரதம், காயம் ஆற உதவும் வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் வருகின்றன. கூடவே தன் சவ்வில் இருக்கும் கொழுப்பமிலத்தை எடுத்துத் திராம்பாக்சேன் என்ற பொருளைப் புதிதாகச் செய்து வெளியே விடும். ஏடிபியும் திராம்பாக்சேனும் அக்கம்பக்கத்தில் ஓடுகிற மற்றத் தட்டணுக்களை உசுப்பும். உசுப்பப்பட்ட தட்டணுவின் மேல்பரப்பில் ஒரு பிடிப்பான் விழித்துக்கொள்ளும், அது ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும், அந்த ஃபைப்ரினோஜனின் மறுமுனையை இன்னொரு தட்டணு பிடிக்கும். இப்படி ஒன்றோடொன்று கோத்து அடைப்பு உருவாகிறது.

நம் மாவட்டத்தில் ஏரிக்கரை உடைந்தால் அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். முதலில் உடைப்பில் சவுக்குக் கழிகளை நட்டுவிட்டுத்தான் மணல் மூட்டையைப் போடுவார்கள், கழி இல்லாமல் போட்டால் மூட்டை தண்ணீரோடு போய்விடும். மூட்டை நின்ற பிறகு களிமண் பூசி இறுக்குவார்கள். வான் வில்லிபிராண்ட் புரதம் அந்தக் கழி, தட்டணு மூட்டை, கடைசியில் ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் என்ற நாராக மாறி, வலையாகப் பின்னி எல்லாவற்றையும் இறுக்குவது களிமண் பூச்சு. அந்த ஃபைப்ரினை உண்டாக்கும் உறைதல் காரணிகள் என்ற புரதங்கள் பெரும்பாலும் கல்லீரலில் தயாராகின்றன, ஆனால் அவை கூடி வேலை செய்ய ஒரு தளம் வேண்டும், அந்தத் தளத்தையும் விழித்த தட்டணுவின் மேல்பரப்புதான் தருகிறது.

இதில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தாலும் ரத்தம் நிற்காது. மூட்டையே போதாமல் போகலாம், மூட்டை நிறைய இருந்தும் கழி இல்லாமல் போகலாம், மூட்டை ஓட்டையாக இருக்கலாம். வெளியே பார்க்கிற நமக்கு மூன்றும் ஒன்றுதான், ரத்தம் நிற்கவில்லை, அவ்வளவே. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல் வகை மட்டும்தான் அகப்படும்.

வளரும் குட்டிக்கு இதில் தனியாக ஒரு சுமை இருக்கிறது. ஒன்றரைக் கிலோ எடையில் பிறக்கும் குட்டியின் உடம்பில் ரத்தம் 100 மில்லியை ஒட்டித்தான் இருக்கும். ஆறேழு மாதத்தில் அது 90 கிலோ ஆகும்போது ரத்தம் 5 லிட்டரைத் தாண்டிவிடும். மைக்ரோலிட்டருக்கு 3 லட்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பிறந்த அன்று உடம்பில் ஓடியது ஏறக்குறைய 3,000 கோடி தட்டணுக்கள். 90 கிலோவில் அது ஒன்றரை லட்சம் கோடி. ஐம்பது மடங்கு. அதுவும் ஒருமுறை செய்து வைத்தால் போதாது, மனிதரில் ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள், பன்றியிலும் அது நாள் கணக்கில்தான். பழையது போகப் போகப் புதியதும் வேண்டும், உடம்பு பெருக்கிற அளவுக்குக் கூடுதலாகவும் வேண்டும். அதனால்தான் மஜ்ஜையைத் தொடும் எந்தக் கோளாறும் வளரும் குட்டியில் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடுகிறது. ரத்தத்தில் எண்ணிக்கை மாறாமல் இருக்கிறது என்றாலே மஜ்ஜை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இரும்புச்சத்து பற்றி ஒரு வரி. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால்தான் பிறந்த மூன்றாம் நாளை ஒட்டி இரும்பு ஊசி போடுகிறோம். அது குறைந்தால் சிவப்பணு குறையும், தட்டணு எண்ணிக்கையோ கூடப் போகலாம். ரத்தசோகையில் வெளுத்துப் போன குட்டியின் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் ஏழெட்டு லட்சம் என்றிருந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணிக்கை வேறு, வேலை வேறு என்பதற்கு என்னால் காட்ட முடிந்த மிகத் தெளிவான உதாரணம் 1941இல் அமெரிக்காவின் மிசௌரியில் இருந்து வந்தது. போலந்து சைனா என்ற இனப் பன்றிகளில் சில, சின்னக் காயத்துக்குக்கூட நிற்காமல் ரத்தம் விட்டன. ஆணுக்கும் வந்தது, பெண்ணுக்கும் வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. பிற்பாடு தெரிந்தது, அவற்றுக்கு இல்லாமல் போனது வான் வில்லிபிராண்ட் புரதம். இந்தப் பெயரே ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டிடமிருந்து வந்ததுதான். பால்டிக் கடலில் இருக்கும் ஓலான்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தில் தலைமுறையாக வந்த ரத்தக்கசிவை அவர் 1926இல் விவரித்தார். அந்தக் குடும்பத்துக்கு இருந்த அதே குறைதான் மிசௌரி பன்றிகளுக்கும். தட்டணுவைத் தனியே எடுத்து ஏடிபி கொடுத்தால் ஒழுங்காகக் கூடும், ஆனால் ஓடுகிற ரத்தத்தில் காயத்தின் மேல் அதை நிறுத்தி வைக்க ஆள் இல்லை.

அந்தப் பன்றிகளின் வம்சத்தைப் பல ஆண்டு பேணி வைத்து ஆராய்ந்தார்கள். மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 1978இல், இந்தக் குறையுள்ள பன்றிகளின் தமனிகளில் கொழுப்புப் படிவு குறைவாக இருப்பதாக எழுதினார்கள். அதாவது ரத்தத்தை நிறுத்தக் கைகொடுக்கும் அதே புரதத்துக்கு மாரடைப்பிலும் பங்கு இருக்குமோ என்ற கேள்வியை எழுப்பினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகளில் விஷயம் அவ்வளவு நேராக இல்லை என்று தெரிந்தது, ஆனாலும் தட்டணுவை மாரடைப்போடு சேர்த்து யோசிக்கிற பழக்கத்தை வளர்த்ததில் இந்தப் பன்றிகளுக்கு ஒரு இடம் உண்டு.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம் ஊர்க் கொட்டகையிலும் நடக்கக்கூடியது, பன்றி வளர்க்கிற எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தட்டணுவில் குறை இல்லை, வேலையிலும் குறை இல்லை, ஆனால் தாயின் உடம்பே அதை எதிரியாக நினைத்துவிடும்.

குட்டியின் தட்டணு மேல்பரப்பில் இருக்கும் அடையாளங்களில் பாதி தகப்பனிடமிருந்து வருவது. தாய்க்கு அந்த அடையாளம் இல்லை என்றால், ஈற்றின்போதோ சினையின்போதோ குட்டியின் ரத்தம் கொஞ்சம் தாய் உடம்பில் கலந்தால், தாய் அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். முதல் ஈற்றில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதே பொலிப்பன்றியோடு இரண்டு மூன்று ஈற்று ஆன பிறகு ஆன்டிபாடி பலமாக இருக்கும். பன்றியின் நஞ்சுக்கொடி அமைப்பு ஆன்டிபாடியைக் குட்டிக்கு விடாது, அதனால் குட்டிகள் பிறக்கும்போது கொழுகொழுவென்று நன்றாகவே பிறக்கும். பிறந்ததும் என்ன செய்வோம்? சீம்பால் குடிக்க வைப்போம், அதுதான் சரியும்கூட, சீம்பால் இல்லாமல் பன்றிக்குட்டிக்கு நோய் எதிர்ப்பே கிடையாது. முதல் ஒரு நாள் குட்டியின் குடல் ஆன்டிபாடியை முழுசாக உறிஞ்சும். நல்ல ஆன்டிபாடிகளோடு சேர்ந்து தட்டணுவைத் தாக்கும் ஆன்டிபாடியும் உள்ளே போய்விடும்.

குட்டி அப்போதும் விளையாடிக்கொண்டுதான் இருக்கும். எண்ணிக்கை ஓரிரு நாளில் சரிந்து, கொஞ்சம் ஏறி, பத்து நாளை ஒட்டி மறுபடி பாதாளத்துக்குப் போகும், ஏனென்றால் அந்த ஆன்டிபாடி மஜ்ஜையில் இருக்கும் தாய் அணுக்களான மெகாகாரியோசைட்டுகளையும் விட்டுவைப்பதில்லை. அப்போதுதான் வயிற்றுத் தோலிலும் காதின் உள்பக்கத்திலும் ஊசிமுனை அளவு செம்புள்ளிகள் வரும், பிறகு நீலம் பாரித்த திட்டுகள். ஊசி போட்ட இடம், உடன்பிறந்ததுகள் கடித்த இடம் எல்லாம் கருத்து வீங்கும். இரண்டு மூன்று வார வயதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். நன்றாகச் சீம்பால் குடித்த, தெம்பான குட்டிக்குள்தான் அந்த ஆன்டிபாடியும் அதிகம் போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். வளர்க்கிறவர் பாம்பு கடித்ததோ, யாரும் விஷம் வைத்தார்களோ என்று தேடிக்கொண்டிருப்பார்.

வந்துவிட்ட பிறகு நேரடி மருந்து கிடையாது. அந்த ஈற்றுக் குட்டிகளுக்குக் காயடிப்பது, தேவையில்லாத ஊசி எல்லாவற்றையும் தள்ளிப் போட வேண்டும், சின்னக் காயமும் பெரிதாகும். செய்ய வேண்டியது அடுத்த ஈற்றில் இருக்கிறது: அதே பொலியைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டால், குட்டிகள் பிறந்ததும் தாயிடம் ஒரு வாய்கூடக் குடிக்கவிடாமல் அதே நாளில் ஈன்ற வேறு தாய்ப்பன்றியிடம் விட்டுச் சீம்பால் குடிக்க வையுங்கள். இதற்கு ஈற்றுக் குறிப்பேடு வேண்டும், எந்தத் தாய், எந்தப் பொலி, எத்தனை பிறந்து எத்தனை செத்தது என்று. நான்கைந்து தாய்ப்பன்றி வைத்திருக்கிறவர்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை, மனதில் இருக்கிறது என்பார்கள். எழுதுங்கள்.

பிறந்த அன்றே தொப்புள்கொடியில் ரத்தம் நிற்காமல் வழிவது இதிலிருந்து வேறு. அது பிறந்து சில மணி நேரத்திலேயே தெரியும், சீம்பாலால் வருவது நாள் கழித்து வரும். வந்த நேரத்தைச் சரியாகச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

தீவன விஷயத்துக்கு வருகிறேன், நம் பக்கத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் கழிவு கிடைக்கும், புதுச்சேரியில் ஓட்டல் மிச்சம் கிடைக்கும், விருத்தாசலம் பக்கம் கடலைப் புண்ணாக்கு கிடைக்கும். மூன்றும் மூன்று விதமாக ரத்தத்தைத் தொடுகின்றன.

மீன் கொழுப்பில் ஈபிஏ என்ற ஒமேகா 3 கொழுப்பமிலம் உண்டு. மேலே சொன்னேனே, தட்டணு தன் சவ்விலிருந்து கொழுப்பமிலத்தை எடுத்துத் திராம்பாக்சேன் செய்கிறது என்று, மீன் நிறையத் தின்றால் அந்த இடத்தில் ஈபிஏ வந்து உட்கார்ந்துகொள்ளும், அதிலிருந்து வரும் திராம்பாக்சேன் வகைக்கு மற்றத் தட்டணுக்களை உசுப்பும் சக்தி மிகக் குறைவு. டென்மார்க் ஆய்வாளர்கள் டையர்பெர்க்கும் பாங்கும் 1970களில் கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடம் கண்டது இதைத்தான், கடல் உணவிலேயே வாழும் அவர்களுக்கு வெட்டுக் காயத்தில் ரத்தம் நிற்க நம்மைவிட அதிக நேரம் ஆனது. இங்கே முக்கியமாக மாறுவது வேலையின் வேகம். பன்றிக்கு அளவோடு கொடுத்தால் இதனால் ஆபத்து இல்லை. பிரச்சனை வேறு இடத்தில் இருக்கிறது, இந்தக் கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், உடம்புக்குள் அதைக் காக்க விட்டமின் ஈ நிறையச் செலவாகும்.

ஓட்டலில் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கலந்த மிச்சமும் விட்டமின் ஈயைத் தின்றுவிடும். பால் மறந்த குட்டிக்கு ஏற்கெனவே அந்த விட்டமின் ரத்தத்தில் குறைந்துகொண்டே வரும். செலினியம் என்ற தாதுவும் சேர்ந்து குறைந்தால், மந்தையிலேயே நன்றாக வளர்கிற, நேற்றுவரை முட்டி மோதித் தின்ற குட்டி திடீரென்று செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேல் ரத்தத் திட்டுகள், அது முசுக்கொட்டைப் பழம் போலத் தெரிவதால் மேல்நாட்டில் அந்த நோய்க்கு அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். நுண்ணிய குழாய்களின் உட்சுவர் கெட்டு, அங்கங்கே குட்டிக் குட்டி உறைகட்டிகள் அடைத்திருக்கும். சுவர் வழவழப்பாக இருக்கும்வரை தட்டணு சும்மா இருக்கும் என்றேன், சுவர் கெட்டால் வெட்டே இல்லாத இடத்திலும் அது வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே கழிவுத் தீவனம் கொடுக்கிறவர்கள் நன்றாகக் கொதிக்க வைப்பதோடு விட்டமின் ஈ, செலினியம் உள்ள தாதுக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்ப்பது நல்லது. செலினியம் கூடினால் நஞ்சு, அதனால் கைக்கு வந்தபடி போடக் கூடாது.

கடலைப் புண்ணாக்கு ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வரும், கல்லீரல் கெடும், உறைதல் காரணிகள் குறையும். அப்போதும் ரத்தம் நிற்காது, தட்டணு பாவம், அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்தைத் தின்ற பன்றிக்கும் முடிவு இதேதான். பழக்கப்பட்ட கண் இதைப் பிரித்துவிடும்: தட்டணுவில் கோளாறு என்றால் தோலிலும் ஈறிலும் ஊசிமுனைப் புள்ளிகள், உறைதல் காரணியில் கோளாறு என்றால் மூட்டுக்குள், தசைக்குள், வயிற்றுக்குள் பெரிதாகக் கட்டிக்கொள்ளும் ரத்தம். எல்லா நேரமும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது, ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல இடம்.

காய்ச்சலோடு செம்புள்ளி வந்தால் கதை மாறுகிறது. பன்றிகளுக்கு வரும் பன்றிக் காய்ச்சல் (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர், மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு) வைரஸ் தாக்கினால் ஆரம்பத்திலேயே தட்டணு சரியும். தோலில் புள்ளி, சிறுநீரகத்தில் புள்ளி, மண்ணீரலின் ஓரத்தில் மட்டும் கருப்பாகச் செத்த திட்டுகள். அந்தத் திட்டு எப்படி வந்தது என்றால், நுண்குழாய் உறைகட்டியால் அடைபட்டு ரத்தம் போகாமல் வந்தது. ஒரே உடம்பில் ஒரு பக்கம் ரத்தம் கசிகிறது, இன்னொரு பக்கம் கட்டி அடைக்கிறது. முதலில் கேட்கும்போது முரணாகத் தெரியும். உடம்பு முழுக்க நுண்குழாய்களில் தேவையில்லாத அடைப்பைப் போட்டே தட்டணுக்கள் செலவாகிவிடுகின்றன, தேவையான இடத்துக்கு மிச்சமில்லை. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, தவறாமல் போட்டுவிடுங்கள். 2020இல் இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் பார்வைக்கு இதே மாதிரிதான், அது வேறு வைரஸ், இந்தத் தடுப்பூசி அதற்குப் பயன்படாது. காய்ச்சலும் புள்ளியும் சேர்ந்து வந்தால் பன்றியை விற்காமல், நகர்த்தாமல், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். தோலில் சாய்சதுரமாகச் சிவந்து தடிப்பது எரிசிபெலஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம், ஆரம்பத்தில் அந்தத் தடிப்பை விரலால் அழுத்தினால் வெளுக்கும், தோலுக்குள் கசிந்த செம்புள்ளி அழுத்தினாலும் வெளுக்காது.

பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பன்றியில் தவறான பிளேட்லெட் எண் வருவதற்கு முக்கியக் காரணமே இதுதான். பன்றிக்குக் கண்ணுக்குத் தெரிகிற நரம்பு காதில் மட்டும்தான். நிறைய ரத்தம் வேண்டுமென்றால் கழுத்தின் அடியில் ஆழத்தில் இருக்கும் பெருநரம்பில் ஊசியை விட வேண்டும். குட்டி துடிக்கும், ஊசி நாலு பக்கம் துழாவும், கிழிந்த திசுவின் சாறு ரத்தத்தில் கலக்கும், ஊசிக்குள்ளேயே தட்டணுக்கள் விழித்துக் கொத்தாகக் கூடிவிடும். ஊதா மூடிக் குழாயில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் எந்திரம் இருபது தட்டணு சேர்ந்த கொத்தைத் தட்டணுவாகவே எடுத்துக்கொள்ளாது. ரிப்போர்ட்டில் நாற்பதாயிரம் என்று வரும், குட்டியோ தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கும். இப்படி வந்தால் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி, சாயமிட்டு, நுண்நோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பூச்சின் மெல்லிய ஓரத்தில் கொத்துக் கொத்தாகக் கிடந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. கொத்து இல்லை என்றால், எண்ணெய் லென்ஸில் ஒரு பார்வைப் புலத்தில் தெரியும் தட்டணுக்களின் சராசரியை 15,000 ஆல் பெருக்கினால் மைக்ரோலிட்டருக்கான தோராய எண் வந்துவிடும்.

இதெல்லாம் எண்ணிக்கைக்குத்தான். வேலையை அளக்க வேறு முறை வேண்டும், அதைக் கொடுத்தவர் லண்டனில் இருந்த ஆய்வாளர் குஸ்டாவ் பார்ன், 1962இல். நீல மூடிக் குழாயில், சிட்ரேட் கலந்து எடுத்த ரத்தத்தை மெதுவாகச் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கி, மேலே மங்கலான மஞ்சள் நீர் நிற்கும், அந்த மங்கலுக்குக் காரணம் அதில் மிதக்கும் தட்டணுக்கள். அதை உடல் சூட்டில் வைத்துக் கலக்கிக்கொண்டே ஒரு பக்கமிருந்து ஒளி பாய்ச்சி, ஒரு சொட்டு ஏடிபி விட்டால் தட்டணுக்கள் கூடிக் கொத்தாகும், நீர் தெளியும், ஒளி அதிகமாகக் கடந்து வரும். எவ்வளவு வேகத்தில், எந்த அளவுக்குத் தெளிகிறது என்பதே வேலையின் அளவு. இன்றும் அடிப்படை முறை இதுதான். ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் சோதனை வீண், குளிர் பட்டாலே தட்டணு உருவம் மாறிவிடும். ரத்த வங்கியில் பிளேட்லெட் பையை மட்டும் 20 முதல் 24 டிகிரி சூட்டில், ஆட்டிக்கொண்டே வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம், அதுவும் ஐந்து நாள் வரைதான் பொதுவாகத் தாங்கும்.

இந்தச் சோதனையில்தான் பன்றிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு தெரிய வரும். மனிதத் தட்டணு அட்ரினலின் பட்டால் கூடும், பன்றியின் தட்டணு அட்ரினலின் மட்டும் கொடுத்தால் கூடாது. ஏடிபிக்கும் கொலாஜனுக்கும் இரண்டும் அசையும். ஆஸ்பிரின் கொடுத்தால் திராம்பாக்சேன் செய்யும் நொதி அடைபடும், தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியைச் செய்துகொள்ள முடியாது, அது சாகும்வரை அப்படியேதான். அதனால் குட்டிக்குக் காயடிக்கப் போகிற வாரத்தில் காய்ச்சலுக்கு என்று வீட்டில் இருக்கிற ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். எண்ணிப் பார்த்தால் எல்லாத் தட்டணுவும் இருக்கும்.

பன்றியின் உறுப்பை மனிதருக்கு வைக்கும் முயற்சியிலும் இதே விஷயம் குறுக்கே வந்தது. பன்றியின் வான் வில்லிபிராண்ட் புரதம் மனிதத் தட்டணுவைக் காயமே இல்லாமல் பிடித்து உசுப்பிவிடும், பொருத்திய உறுப்பின் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தியபோது, அந்தப் பன்றியில் 10 மரபணு மாற்றங்கள் செய்திருந்தார்கள். அவற்றில் இரண்டு, உறைதலை அடக்கி வைக்கும் மனிதப் புரதங்களைப் பன்றியின் குழாய்ச் சுவரில் உண்டாக்குவதற்காகச் சேர்த்தவை. அந்த நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார்.